கம்ப்யூட்டருக்கு எஜமானன் யார்?

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நாம் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், கம்ப்யூட்டரில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை வைத்துக்கொள்வது என்பதாகும். இதைக் கேட்டவுடனேயே, "இது பட்டணத்துப் படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பின்வரிசையில் இரண்டொருவர் எழுந்திருக்க எத்தனித்தது நமக்குத் தெரிகிறது. அவர்கள் தயவுசெய்து உட்கார வேண்டும். பட்டாவுக்கு மனுப் போடுவது, பரீட்சை முடிவு பார்ப்பது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்பது எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. நம்முடைய காரியம் எதற்குள் நடக்கிறதோ அது யார் சொற்படி நடக்கிறது என்று கேட்காமலிருப்பது புத்திசாலித்தனமாகாது.

மற்றும், நாம் சொல்லுவதையெல்லாம் நீங்கள் அப்படியே ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போக வேண்டும் என்கிற ஆசை நமக்குச் சிறிதும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாய்ச் சோதித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை என்பது இந்த விஷயத்தில் ஒரு பெரிய சௌகரியம்.

முதலில் ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். 2025 ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 14 ஆம் தேதி, மைக்ரோசாப்ட் கம்பெனியார் தங்களுடைய விண்டோஸ் 10 என்னும் சிஸ்டத்துக்கு வழக்கமாகச் செய்து வந்த பழுதுபார்ப்பை நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்குச் சில நிபந்தனைகளின்பேரில் பாதுகாப்புத் திருத்தம் மாத்திரம் தருகிறோம் என்றார்கள். அதற்கடுத்த விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்ளலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் செய்யப்பட்ட பிராசசரும் இருந்தால்தான் அது ஏறும். பெரும்பாலும் 2017க்கு முன் செய்த இயந்திரங்களுக்கு அந்த யோக்கியதை இல்லை என்பது கம்பெனியார் விதி.

தோழர்களே! அந்தப் பழைய இயந்திரத்தில் எது கெட்டுப்போயிற்று? கீபோர்டு தேய்ந்துவிட்டதா? திரை உடைந்துவிட்டதா? ஒன்றுமில்லை. 13 ஆம் தேதி ராத்திரி ஓடினது போலவே 15 ஆம் தேதி காலையிலும் ஓடிற்று. ஆனால் எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தார் ஒரு தீர்மானம் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தால், ஜில்லா தலைநகரில் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின ஒருவருடைய சாமான் கிழவனாகிவிட்டது. கலப்பை செய்த ஆசாரி பத்து வருஷம் கழித்து வந்து, "இனிமேல் இதை வைத்து உழுதால் ஆபத்துக்கு நான் உத்தரவாதியல்ல, புதுக் கலப்பை வாங்கு" என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? கம்ப்யூட்டர்க்காரன் சொன்னால் மாத்திரம் ஏன் சும்மா இருக்கிறோம்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாததால்தான்.

ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். கம்ப்யூட்டர் என்பது சொன்னதைச் செய்யும் ஒரு இயந்திரம். சொல்லாததைச் செய்ய அதற்குப் புத்தி கிடையாது. விசையைத் தட்டினால் எழுத்து வரவேண்டும், பிரிண்டரில் காகிதம் ஓடவேண்டும், ஒரு கடுதாசியை இன்ன இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இப்படிப் பெட்டிக்கும் நமக்கும் நடுவில் நின்று சகல வேலையையும் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரிக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். கட்டளைகளை முதலில் மனிதர்கள் தாங்கள் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார்கள். அதற்கு மூலம் என்று பெயர். (மூலம் என்றால் வியாதியுமல்ல, நட்சத்திரமுமல்ல.) பிறகு அதை இயந்திரத்துக்கு மாத்திரம் விளங்கும் ஒன்றும் சைபருமாக மாற்றிவிடுகிறார்கள். மூடின சிஸ்டம் விற்கும் கம்பெனிகள் நமக்குக் கொடுப்பது இந்த ஒன்றும் சைபரும் மாத்திரமே. மூலத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளுகிறார்கள். திறந்த சிஸ்டம் என்பதில் மூலமும் கூடவே கிடைக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்து அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனிடம் பத்திரத்தை நீட்டி, "எல்லாம் சரியாய்த்தான் எழுதியிருக்கிறது, ரேகை வை" என்று சொல்லும் லேவாதேவிக்காரனை நீங்கள் அறிவீர்கள். அவன் யோக்கியனாகவே இருக்கலாம். பத்திரத்தில் உள்ளதும் சரியாகவே இருக்கலாம். ஆனால் படித்துப் பார்க்கும் உரிமையே கிடையாது என்றால், அவனுடைய யோக்கியதை ஒன்றைத்தானே நாம் நம்பியாக வேண்டியிருக்கிறது?

"எனக்கு மூலத்தைக் காட்டினாலும் படிக்கத் தெரியாதே, எனக்கென்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பத்திரம் படிக்கத் தெரியாதவனுக்கும், தெரிந்த ஒருவனிடம் கொண்டுபோய்க் காட்டும் உரிமை இருந்தால் போதுமல்லவா? ஊரில் ஒருவன் படிக்கத் தெரிந்தவனாயிருந்தாலும் லேவாதேவிக்காரன் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எழுதுவான்.

நிற்க. இந்தத் திறந்த சிஸ்டம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுடைய திரையிலெல்லாம் அந்தச் செய்தி வரும்படி அதன் புரோகிராமைத் திருத்தி வைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியார் கொடுத்த புது லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அதற்கு மூலம் கொடுக்கப்படவில்லை. அது வைத்திருந்த வேறொரு கலாசாலைக்காரரிடம் ஸ்டால்மன் போய்க் கேட்டார். அவரோ, "யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று கைவிரித்துவிட்டார். காகிதம் சிக்கினதோ அற்ப விஷயம். ஆனால் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு உதவி செய்யக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் அற்ப விஷயமல்ல என்று அவருக்குப் பட்டது. 1983 செப்டம்பரில், யாரும் பார்த்து யாரும் திருத்தக்கூடிய ஒரு முழு சிஸ்டத்தை எழுதப் போவதாக அறிவித்து, அதற்கு க்னூ என்று பெயரிட்டார். 1989 இல் ஜி.பி.எல். என்னும் லைசென்சையும் எழுதினார். "இதை எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த இதே உரிமையை அவருக்கும் கொடுத்தாக வேண்டும்" என்பது அதன் சாரம். சட்டத்தைக் கொண்டே பூட்டைத் திறந்த வேலை என்று இதைச் சொல்லலாம்.

க்னூவுக்கு எல்லாம் சேர்ந்தும், இயந்திரத்தோடு நேரே பேசும் உள்கரு மாத்திரம் சரியாய் அமையாமல் இருந்தது. 1991 ஆகஸ்டில் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணாக்கர், பொழுதுபோக்காக அப்படி ஒன்று எழுதி வருவதாகவும், அது பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் தெரிவித்தார். அதுதான் லினக்ஸ். அடுத்த வருஷமே அதை ஜி.பி.எல். கீழ் விட்டார். க்னூவும் லினக்சும் சேர்ந்த கட்டுகளைப் பலர் பல பெயரில் வெளியிட்டார்கள். 1993 இல் தொடங்கினது டெபியன். அதை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் தென் ஆப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் வெளியிட்டது உபுண்டு. 2011 வரையில், கேட்டவர்களுக்கெல்லாம் அதன் தகட்டைத் தபாலில் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் அநேகருக்கு முதல் லினக்ஸ் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததேயாகும்.

இனி, "சும்மா கிடைப்பது எப்படித் தரமாயிருக்கும்?" என்கிற கேள்வி. ரூபாய் கொடுத்தால்தான் சரக்கு நல்லது என்பது நம்மிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை. உலகத்தில் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்தி வருஷத்துக்கு இருமுறை ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். 2017 நவம்பர் பட்டியல் முதற்கொண்டு அந்த 500-ம் லினக்சில் ஓடுபவையே. ஆகாயத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள மடிக்கணினிகளை 2013 இல் விண்டோசிலிருந்து டெபியனுக்கு மாற்றினார்கள். பிரெஞ்சு தேசத்து ழாந்தார்மெரி என்னும் போலீஸ் படை 2008 முதல் பல்லாயிரக்கணக்கான மேஜைக் கம்ப்யூட்டர்களில் உபுண்டுவைப் போட்டு வேலை செய்கிறது. இவ்வளவும் போக, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனுக்குள் உட்கார்ந்திருப்பதும் லினக்ஸ் கருவே. ஆகவே, "லினக்ஸ் நமக்கு வராது" என்று சொல்லுகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுகிறார்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். லினக்சை எழுதுகிறவர்களெல்லாம் பட்டினி கிடந்து தர்மத்துக்கு எழுதுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். இன்று அதில் பெரும்பகுதி வேலை செய்கிறவர்கள் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தக் கம்பெனிகள் தங்களுக்கு வேண்டியிருப்பதால் செய்கிறார்கள். செய்ததை லைசென்ஸ்படி எல்லோருக்கும் விட்டுத் தீரவேண்டியிருக்கிறது. தர்மசிந்தனையை நம்பி நிற்கும் ஏற்பாட்டைவிட, சுயநலக்காரனையும் பொதுவுக்கு உழைக்க வைக்கும் ஏற்பாடு உறுதியானதென்பது நம் அபிப்பிராயம்.

இது ஒருபுறமிருக்க, நம் ஊர்களில் நடப்பதென்ன? கடைக்காரரிடம் இயந்திரத்தைக் கொடுத்தால் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோசின் திருட்டு நகலைப் போட்டுக் கொடுக்கிறார். அதோடு எழுத்து வேலைக்கு ஒரு திருட்டு நகல், படம் வெட்ட ஒரு திருட்டு நகல். இவைகளை முறிப்பதற்கென்று எவனோ எழுதிய புரோகிராமை, அது என்னென்ன செய்யும் என்று தெரியாமலே உள்ளே விடுகிறோம். பிறகு பாங்கிக் கணக்கின் ரகசியச் சொல்லையும் அதே இயந்திரத்தில்தான் தட்டுகிறோம். கதவைப் பூட்டத் தெரிந்த நாம் சாவியைத் திருடனிடமே செய்யக் கொடுப்பது போன்றதல்லவா இது? தாராளமாய் எடுத்துக்கொள் என்று ஒருவன் கொடுப்பதை விட்டு, எடுக்காதே என்று சொல்லுகிறவனிடம் போய்த் திருடுவதற்கு என்ன காரணம்? பழக்கம் ஒன்றைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

மேஜை வேலைக்கு உபுண்டு போதுமா என்றால், பெரும்பாலோருக்குப் போதும். கடிதம், கணக்குத் தாள், இவைகளுக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. பிறர் அனுப்பும் வேர்ட், எக்செல் கோப்புகளையும் அது திறக்கும். சிக்கலான கட்டங்கள் போட்டிருந்தால் சில சமயம் வரிகள் இடம் மாறித் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். இன்டர்நெட் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, வீடியோவில் பேசுவது எல்லாம் நடக்கும். திரையில் வரும் சொற்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். கூலி வாங்காமல் தமிழாக்கித் தந்தவர்கள் உலகெங்குமுள்ள தமிழ்ப் பிள்ளைகளாவார்கள். தமிழ்99 முறையிலும் தட்டலாம், இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழாக வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கொருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்பை எடுத்தால் 5 வருஷத்துக்குத் திருத்தங்கள் இலவசமாய் வந்துகொண்டிருக்கும். 4 ஜி.பி. நினைவகமுள்ள பழைய இயந்திரமானால் லுபுண்டு, சுபுண்டு, மின்ட் முதலிய கனம் குறைந்த வகைகள் ஏற்றவை.

போதாத இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாமும் தரகர் வேலை செய்தவர்களாவோம். நமக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் நாம் சொன்னதைக் கேட்டு உபுண்டு போட்டார். மூன்றாம் நாள் நம்மிடம் வந்து, "பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல், சங்க ஆண்டறிக்கை எல்லாம் கட்டமாய்க் கட்டமாய்த் தெரிகிறது, என் பிழைப்பே போயிற்றே" என்றார். விஷயம் என்னவென்றால், அவர் அவ்வளவு காலமும் பேஜ்மேக்கரில், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் வேலை செய்திருந்தார். அந்த எழுத்துருக்களில் தமிழ் "அ" என்பது இயந்திரத்துக்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் எழுத்தாகவே படும். தமிழ்நாட்டு சர்க்கார் 2010 ஆம் வருஷமே யூனிகோடையும், டேஸ்16 என்னும் முறையையும் பொதுத் தரமாக ஏற்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ஆனால் அச்சக உலகம் மெதுவாகவே நகருகிறது. கடைசியில் அவர் என்ன செய்தார் என்றால், பழைய வேலைக்கு ஒரு இயந்திரத்தை இன்டர்நெட் தொடர்பில்லாமல் பழையபடியே வைத்துக்கொண்டு, புதிய வேலையை இரண்டாவது இயந்திரத்தில் யூனிகோடில், ஸ்கிரிபஸ் என்னும் திறந்த புரோகிராமில் பழக ஆரம்பித்தார். பழகுவதற்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதமும் நம்மைத் திட்டினார். நியாயந்தான். இப்பொழுது திட்டுவது குறைந்திருக்கிறது.

அப்படியே கடைக் கணக்குக்கு நம் வியாபாரிகள் பெரும்பாலும் உபயோகிக்கும் டாலி என்பது விண்டோசுக்கென்று எழுதப்பட்டது. தணிக்கைக்காரர் அதில்தான் கேட்கிறார் என்றால் அந்த ஒரு இயந்திரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமென்று சட்டமில்லை. மாற்றிவிட்டோம் என்கிற பெருமைக்காக வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வது பகுத்தறிவுக்காரர் வேலையல்ல.

ஊரே சேர்ந்து மாறினால் என்ன நேரும் என்பதற்கும் சாட்சிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் மூனிக் நகரசபையார் 2003 இல் தீர்மானம் செய்து, 2013க்குள் சுமார் 15,000 மேஜைக் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றினார்கள். சிப்பந்திகளிடமிருந்து புகாரும் வந்தது. அவைகளில் லினக்சின் குறைகள் எவ்வளவு, அந்த நகர நிர்வாகத்தின் கோளாறுகள் எவ்வளவு என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. மேயர் மாறினார், கட்சிப் பலம் மாறிற்று, 2017 இல் விண்டோசுக்கே திரும்புவதென்று சபை ஓட்டெடுத்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்னும் மாகாண சர்க்கார் 2024 இல், சுமார் 30,000 இயந்திரங்களில் லிப்ரே ஆபீசுக்கும் பிறகு லினக்சுக்கும் மாறுவதாக அறிவித்தார்கள். ஒரு ஊர் போனதும் வந்ததும் இயந்திரத்தின் குணத்தால் மாத்திரமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

ஜெர்மனிக்குப் போவானேன், பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடத்தையே திறந்த சிஸ்டத்தின்மேல் எழுதி, வாத்தியார்களுக்கும் அதிலேயே பழக்கம் கொடுத்தார்கள். 2019 இல் உபுண்டுவின் மேல் கட்டின தங்கள் சொந்தப் பதிப்பொன்றை 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கென்று வெளியிட்டார்கள். நம்மிடத்தில் நடந்ததைச் சொன்னால் வெட்கமாயிருக்கிறது. இந்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் நம் சென்னையிலேயே இருந்துகொண்டு போஸ் என்னும் லினக்சைச் செய்து 2007 இல் வெளியிட்டது. 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அந்த போஸையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கையில் கொடுத்தார்களே தவிர, அதைத் திறந்து காட்ட வாத்தியாருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இந்தக் கூட்டத்தில் அந்த மடிக்கணினி வாங்கின பிள்ளைகள் இருந்தால் கை தூக்குங்கள். சரி. அதில் போஸைத் திறந்து பார்த்தவர்கள் மாத்திரம் கையை இறக்காமலிருங்கள். பார்த்தீர்களா! புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுத்துச் சொல்லிக் கொடுக்காத பள்ளிக்கூடம் இது. அந்தக் குறையைச் சர்க்காருக்குக் காத்திராமல் தாங்களே தீர்க்கப் பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் உபயோகிப்போர் சங்கம் ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் வகுப்பு நடத்தி வருகிறது.

இப்பொழுது நம் பக்கத்துக் குருட்டு நம்பிக்கை ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். "திறந்த சிஸ்டத்தில் தப்பே வராது, எல்லோரும் பார்க்கிறார்களே" என்று நம்மவர்கள் சிலர் பஜனை பாடுகிறார்கள். எல்லோரும் பார்க்கலாம் என்பது வேறு, யாராவது பார்த்தார்கள் என்பது வேறு. இன்டர்நெட்டில் ரகசியம் காக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த புரோகிராமில் ஒரு பெரிய ஓட்டை 2012 முதல் இருந்தது. 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. உலகத்துப் பாங்கிகளெல்லாம் அதை நம்பி நடந்தன. அதைப் பாதுகாத்து வந்த கூட்டத்துக்கோ வருஷத்துக்கு நன்கொடையாக வந்தது சுமார் 2,000 டாலர். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் கிணற்றைத் தூர் வார ஒருவரும் காசு கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் கேளுங்கள். எக்ஸ்.இசட். என்னும் சிறு கருவி ஒன்று அநேகமாய் எல்லா லினக்சிலும் உண்டு. அதைப் பராமரித்து வந்தவரிடம் ஒரு பேர்வழி இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவன்போல் உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பைக் கைப்பற்றி, 2024 ஆரம்பத்தில் திருட்டுக் கதவொன்றை உள்ளே வைத்துவிட்டான். அது பரவியிருந்தால் உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றின் சாவி ஒருவன் கையில் போயிருக்கும். மார்ச் மாதத்தில் ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்பவர், தன் இயந்திரத்தில் உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கண்டார். வேறொருவராயிருந்தால், "இன்று இயந்திரம் மந்தமாயிருக்கிறது" என்று போய்விட்டிருப்பார். அவர் "ஏன்?" என்று கேட்டார். மூலம் திறந்திருந்தபடியால் போய்ப் பார்க்கவும் முடிந்தது. அவர் மைக்ரோசாப்ட் கம்பெனிச் சிப்பந்தி என்பது இதில் ஒரு வேடிக்கை.

கடைசியாக மேகத்துக்கு வருவோம். "உங்கள் கோப்பெல்லாம் க்ளவுடில் பத்திரமாயிருக்கிறது" என்று சொல்லுகிறார்கள். மேலே இருக்கிறது என்று யார் சொன்னாலும், "மேலே என்றால் எங்கே?" என்று கேட்பதுதானே நம் வழக்கம்? கேட்டுப் பார்த்தால் மேலே ஒன்றுமில்லை, எல்லாம் கீழேதான். பெரிய கொட்டகை, அதில் வரிசை வரிசையாய்க் கம்ப்யூட்டர்கள், குளிர்விக்கும் எந்திரங்கள், ஏராளமான மின்சாரம், அவ்வளவுதான். மைக்ரோசாப்ட்காரர் 2015 இல் பூனா, சென்னை, பம்பாய் ஆகிய இடங்களிலும், அமேசான்காரர் 2016 இல் பம்பாயிலும் அப்படித் திறந்தார்கள். மேகம் என்பது இன்னொருவனுடைய கம்ப்யூட்டர். அதற்கு வாடகை கொடுக்கிறோம்.

அந்தக் கொட்டகைகளில் ஓடுவது என்ன? பெரும்பாலும் நாம் இவ்வளவு நேரம் பேசின அதே லினக்ஸ்தான். அமேசான்காரர் 2006 இல் மணிக்கணக்கில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விட ஆரம்பித்தது லினக்சையும், ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரமாய்ப் பிரித்துக் காட்டும் ஜென் என்கிற திறந்த புரோகிராமையும் வைத்துத்தான். 2001 இல் லினக்சைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாப்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர். 2019க்குள் அதே கம்பெனியின் மேகத்தில் விண்டோசைவிட லினக்சே அதிகம் ஓடிற்று. பணம் வருகிறதென்றால் புற்றுநோயும் பாக்கியமாகிவிடும் போலும்!

இதில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இருக்கிறது. ஜி.பி.எல். லைசென்ஸ், புரோகிராமின் பிரதியைப் பிறர் கையில் கொடுக்கும்போதுதான் மூலத்தையும் கொடு என்கிறது. தன் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு, கம்பி வழியாக வேலையை மாத்திரம் விற்கிறவன் தான் செய்த மாறுதலைக் காட்டத் தேவையில்லை. 2007 இல் வந்த ஏ.ஜி.பி.எல். என்னும் லைசென்ஸ் இந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் லினக்ஸ் அதன் கீழ் இல்லை. ஆகவே, உள்ளே ஓடுவது திறந்த சிஸ்டம் என்பதற்காக மேகத்தில் வைத்த நம் சொத்துக்கு நாம் எஜமானர்களாகிவிட மாட்டோம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் மேகக் கணக்கு, கூகிள் கம்பெனியாரின் ஒரு தவறான அமைப்பால் அழிந்துபோயிற்று. அரை மில்லியனுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு கம்பெனியிடத்தில் இன்னொரு நகல் வைத்திருந்தபடியால் பிழைத்தார்கள்.

அப்படியானால் திறந்த சிஸ்டத்தால் மேகத்தில் என்ன லாபம் என்றால், வீட்டுக்காரனை மாற்றும் உரிமைதான். உபுண்டுவிலும், போஸ்ட்கிரஸ் போன்ற திறந்த தரவுத்தளத்திலும் கட்டின காரியத்தை ஒருவன் கொட்டகையிலிருந்து எடுத்து இன்னொருவன் கொட்டகையில் வைக்கலாம், நம் சொந்த மேஜைக்கே கொண்டுவந்தும் வைக்கலாம். அந்தக் கம்பெனி தனியாய்ச் செய்த பூட்டுச் சாமான்களின்மேல் கட்டிவிட்டால், வீட்டைக் காலி செய்யும்போது சுவரையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். 2020 டிசம்பரில் ரெட் ஹேட் கம்பெனியார், 2029 வரை இருக்குமென்று எண்ணியிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்னும் இலவச சிஸ்டத்தை 2021 கடைசியோடு நிறுத்துவதாய்ச் சொன்னார்கள். விண்டோஸ் 10 கதை மாதிரியேதான். ஆனால் மூலம் திறந்திருந்தபடியால், சில மாதங்களுக்குள் ராக்கி, ஆல்மா என்று இரண்டு கூட்டத்தார் அதே சிஸ்டத்தைத் தொடர்ந்து கொடுக்க முன்வந்தார்கள். பூட்டினவன் போனால் எல்லாம் போயிற்று, திறந்ததில் ஒருவன் போனால் இன்னொருவன் எடுத்துக்கொள்வான். வித்தியாசம் இவ்வளவுதான், இது கொஞ்ச வித்தியாசமல்ல.

ஒரு சங்கமோ, வாசகசாலையோ, பத்துப்பேர் சேர்ந்த அச்சகமோ சொந்தமாய்ச் சிறு மேகம் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் என்று 2016 முதல் ஒரு திறந்த புரோகிராம் உண்டு. அதைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு போட்டு ஏற்றினால் கோப்பு, படம், நாட்குறிப்பு எல்லாம் நம் அறையிலேயே இருக்கும். போனிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் மின்சாரம் போனால் அதுவும் படுத்துக்கொள்ளும், தட்டு கெட்டால் எல்லாம் போகும். ஆகையால் வாரத்துக்கொருமுறை இன்னொரு தட்டில் நகல் எடுத்து இன்னொருவர் வீட்டில் வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் வாடகை மேகமே மேல். சொந்தம் என்று சொல்லிக்கொண்டு காவலுக்கு ஆளில்லாமல் விடுவதைவிட, வாடகைக்கு வைத்து நகலை நம் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

சோதித்துப் பார்க்க விரும்புகிற தோழர்கள் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள். அதில் லுபுண்டுவை ஏற்றித் தருகிறோம். உங்கள் இயந்திரத்திலுள்ள ஒன்றையும் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைபை பிடிக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, ஒலி வருகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடித்திருந்தால் பிறகு இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம். போடுவதற்கு முன் படங்களையும் கணக்குகளையும் வேறொரு தட்டில் நகலெடுத்துக்கொண்டு, நகல் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்துவிட்டு வாருங்கள். இனி கேள்வி கேட்கலாம். முதலில் எழுந்திருக்கப் பார்த்த பின்வரிசைத் தோழர்கள் தொடங்கட்டும்.